அட்டையைத் திருப்புவதற்கு முன்

பழைய விமான அஞ்சலட்டை ஒன்று கைக்கு வந்ததும், தபால்தலை சேகரிப்பில் ஊறியவர்கள் அதைத் திருப்பித்தான் பார்க்கிறார்கள். எந்த நாட்டுத் தலை, முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா, வான் அஞ்சல் என்று அச்சிட்ட நீலச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்பவையே அவர்களுடைய முதல் கேள்விகள். இவை இருந்தால் அட்டைக்கு விலை உண்டு. யாரும் எழுதாத, எங்கும் அனுப்பாத அட்டை என்றால் ‘வெறும் படம்’ என்று மலிவுப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். முன்பக்கத்தில் இருப்பது என்ன விமானம் என்று யாராவது கேட்டால், கீழேதான் அச்சிட்டிருக்கிறதே என்று பதில் வருகிறது.

இந்தப் பழக்கத்துக்கு அடியில் ஒரு கொள்கை இருக்கிறது. வரலாறு முத்திரையில் இருக்கிறது, படம் அலங்காரம். காலத்தை அறிய முத்திரை போதும், விமானத்தை அறியப் படக்குறிப்பு போதும். சேகரிப்பில் இறங்கும் இளைஞர்களுக்கும் இதையே முதல் பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். தவறான பாடம் இது. விமான அஞ்சலட்டையில் மிக அரிய செய்தி பெரும்பாலும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. அதுவும் படக்குறிப்பில் இல்லை. விமானத்தின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

முத்திரைக் கட்சிக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது என்பதற்குக் காரணம் உண்டு. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஹம்பர் நிறுவனத்து இரட்டை இறக்கை விமானத்தில் ஏறி, யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். அவர் சுமந்து சென்ற பையில் ஏறத்தாழ 6,000 கடிதங்களும் அட்டைகளும் இருந்தன. உலகின் முதல் அதிகாரபூர்வ வான் அஞ்சல் அது. அந்தப் பையில் போன அட்டைகளுக்கென்று தனி முத்திரை செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனை அடுத்த ஹெண்டனிலிருந்து வின்சர் வரை ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டையொட்டி வான் அஞ்சல் ஓடியபோதும், அதற்கெனத் தனி அட்டைகளும் உறைகளும் அச்சிட்டார்கள். இவற்றில் முத்திரைதான் சான்று. முத்திரை இல்லாவிட்டால் அந்தத் தாள் அந்த விமானத்தில் போனதற்கு வேறு ஆதாரமே இல்லை. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் அலகாபாத் அட்டை விதிவிலக்கு. உலகில் அச்சான விமான அஞ்சலட்டைகளில் மிகப் பெரும்பாலானவை விமானத்தில் போனவையே அல்ல. விமானத் திடலுக்கு வேடிக்கை பார்க்கப் போனவர்கள் வாங்கியவை, விமான நிலையக் கடையில் விற்றவை, விமான நிறுவனங்கள் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுத்தவை. அவை ரயிலிலும் கப்பலிலும் போயின. பல அட்டைகள் எங்கும் போகாமல் மேசை இழுப்பறையிலேயே தங்கின. விதிவிலக்குக்கு எழுதிய இலக்கணத்தை இந்தப் பெருந்தொகைக்குப் பொருத்தியதுதான் கோளாறு.

முத்திரை என்ன சொல்கிறது? அட்டை எந்த நாளில் தபாலில் சேர்ந்தது என்று சொல்கிறது. படம் அந்த நாளுக்கு முன்பு எடுக்கப்பட்டது என்பது மட்டும் அதிலிருந்து தெரியும். எவ்வளவு முன்பு என்பதற்கு முத்திரையில் விடை இல்லை. ஒரே அச்சை ஆண்டுக்கணக்கில் விற்பது அஞ்சலட்டை வணிகத்தின் அன்றாட வழக்கம். வாங்கிய அட்டையைப் பத்து ஆண்டு கழித்து எழுதிப் போடுபவர்களும் இருந்தார்கள். முத்திரைத் தேதியையே படத்தின் தேதியாக எழுதிவைக்கும் ஆல்பங்கள் இந்த எளிய உண்மையை மறந்துவிடுகின்றன.

தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டே இதற்கு இருக்கிறது.

ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸுக்காக எச்.பி.42 என்ற பெரிய இரட்டை இறக்கை விமானத்தைக் கட்டியது. நான்கு பிரிஸ்டல் ஜூப்பிட்டர் எஞ்சின்கள், மூன்று செங்குத்துத் துடுப்புகள் கொண்ட வால், மணிக்கு 160 கிலோமீட்டர் அளவில் நிதானமான ஓட்டம். 1931இல் சேவைக்கு வந்தது. செய்தது எட்டே எட்டு விமானங்கள். ஹானிபல், ஹெராக்ளிஸ், ஹொரேஷியஸ், ஹானோ என்று எட்டுக்கும் ஆங்கில ‘எச்’ ஒலியில் தொடங்கும் பெயர்கள். நான்கு கெய்ரோவுக்குக் கிழக்கேயும் தெற்கேயும் ஓடுவதற்கு. நான்கு லண்டன் கிராய்டனிலிருந்து ஐரோப்பிய நகரங்களுக்கு. 1930களின் விமானத்துக்கே அடையாளச் சின்னம்போல் ஆன இந்த எட்டையும் படமெடுத்து எண்ணற்ற அஞ்சலட்டைகள் வந்தன. இன்றும் இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தைகளில் எளிதில் கிடைப்பவை. ஒரு பென்னித் தலை, கிராய்டன் முத்திரை. முத்திரைக் கட்சியின் கணக்கில் இவை சாதாரணச் சரக்கு.

அந்தச் சாதாரணச் சரக்கை எடுத்து, ஒரு பூதக்கண்ணாடியுடன் விமானத்தின் உடற்பகுதியைப் பார்க்க வேண்டும். பெரிய கறுப்பு எழுத்துகள் தெரியும். ஜி-ஏஏஎக்ஸ்சி என்று இருந்தால் அது ஹெராக்ளிஸ், பாரிஸுக்குப் போய்வந்த விமானம். ஜி-ஏஏஜிஎக்ஸ் என்று இருந்தால் அது ஹானிபல். 1940 மார்ச் 1 அன்று ஈரான் கரையிலுள்ள ஜாஸ்க்கிலிருந்து சார்ஜாவை நோக்கிப் புறப்பட்டு, ஓமான் வளைகுடாவின் மேலே எட்டுப் பேருடன் காணாமல்போன விமானம். அந்த எட்டுப் பேரில் ஒருவர் நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். இந்தியாவுக்கான அமைச்சரின் ஆலோசகராகப் பொறுப்பேற்க லண்டன் போய்க்கொண்டிருந்தார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை.

தமிழக அரசியல் வரலாற்றில் அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை. அவரைக் கொண்டுபோன விமானத்தின் படம், அதன் இறக்கையும் சன்னல்களும் படியும் தெரியும் படம், சில பவுன்களுக்கு விற்கும் அட்டைகளுக்குள் கிடக்கிறது. இதை அடையாளம் காட்டக்கூடியது ஐந்து எழுத்துகள். எந்த முத்திரையும் அதைக் காட்டாது. 1932இல் தபாலில் சேர்ந்த அட்டைக்கு 1940இல் நடக்கப்போவது எப்படித் தெரியும்?

படக்குறிப்பாவது காட்டுமா என்றால் அதுவும் ஐயம்தான். ‘இம்பீரியல் ஏர்வேஸ் விமானம்’ என்று பொதுவாகப் போட்டுவிடும் அட்டைகள் ஏராளம். அதைவிடச் சிக்கலானது, அந்த வகை முழுவதையுமே ‘ஹானிபல் வகை’ என்று அழைத்த வழக்கம். ஆகவே படக்குறிப்பில் ஹானிபல் என்ற சொல் இருப்பதாலேயே படத்தில் இருப்பது ஹானிபல் ஆகிவிடாது. அதன் உடன்பிறப்புகளில் ஒன்றாக இருக்கலாம். படக்குறிப்பை நம்பி ஓர் அட்டையைப் பன்னீர்செல்வத்தின் இறுதிப் பயண விமானம் என்று பெருமையுடன் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுபவர் பாரிஸ் போன ஹெராக்ளிஸை மாட்டியிருக்கக்கூடும். எழுத்துகளைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

படக்குறிப்பின் நம்பகத்தன்மை தொடக்கத்திலிருந்தே ஆட்டம் கண்டது. பாரிஸை அடுத்த இஸ்ஸி-லெ-மூலினோ திடலில் 1908 ஜனவரி 13 அன்று ஹென்றி ஃபார்மன் ஒரு கிலோமீட்டர் சுற்றைப் பறந்து முடித்து 50,000 ஃபிராங்க் பரிசு வென்றார். அவர் ஓட்டிய விமானத்தைக் கட்டியவர்கள் வுவாசான் சகோதரர்கள். வாடிக்கையாளரின் பெயரை வாலில் பெரிதாக எழுதி, தங்கள் பெயரைச் சிறிதாகப் போடுவது அவர்கள் வழக்கம். அட்டை அச்சிட்டவர்கள் பெரிய எழுத்தைப் படித்து, ‘ஃபார்மன் விமானம்’ என்று போட்டார்கள். அடுத்த ஆண்டு ஃபார்மன் உண்மையிலேயே சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டினார். அதற்கும் அதே பெயர்தான். 1909 ஆகஸ்டில் ரைம்ஸ் நகருக்கு வெளியே பெத்தனி சமவெளியில் எட்டு நாள் விமானத் திருவிழா நடந்தபோது வுவாசான்களும் பறந்தன, ஃபார்மன்களும் பறந்தன. 180 கிலோமீட்டர் பறந்து தூரப் பரிசை வென்றவரும் ஃபார்மன்தான். இவ்வளவும் கலந்து கிடக்கும் ஒரு காலத்தில் படக்குறிப்பின் ‘ஃபார்மன்’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிக்க முடியும்?

படத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வுவாசானின் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் இடையே துணித் திரைகள் செங்குத்தாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பெட்டிப் பட்டம் போலிருக்கும். ஃபார்மன் கட்டிய விமானத்தில் அந்தத் திரைகள் இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் துடுப்புகள் இருக்கும். விமானம் தரையில் நிற்கும்போது அவை தொங்கிக்கொண்டிருக்கும். சக்கரங்களோடு சறுக்குக் கட்டைகளும் தெரியும். ரைட் சகோதரர்களின் 1908ஆம் ஆண்டு விமானமோ சக்கரமே இல்லாதது. மரத் தண்டவாளத்தில் வைத்து, கோபுரத்திலிருந்து எடை விழும் வேகத்தில் இழுத்துவிடுவார்கள். படத்தில் அந்தக் கோபுரம் இருந்தால் அதுவே பாதி அடையாளம்.

பிளேரியோ கதையும் இப்படித்தான். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்து டோவர் கோட்டைக்கு அருகில் இறங்கியதும், அச்சகங்கள் இரவு பகலாக அட்டை அடித்தன. அவர் ஓட்டியதில் இருந்தது விசிறிபோல் விரிந்த மூன்று உருளைகள் கொண்ட அன்சானி எஞ்சின். பிறகு அதே மாதிரி விமானங்கள் நோம் நிறுவனத்தின் சுழல் எஞ்சினோடு ஏராளமாக விற்றன. அதில் ஏழு உருளைகள் வட்டமாக இருக்கும், வட்டமே சுழலும். மூக்கில் வட்ட எஞ்சின் தெரியும் அட்டையில் ‘கால்வாயைக் கடந்த பிளேரியோ’ என்று அச்சிட்டிருந்தால், அந்த வரியைத் தயங்காமல் தள்ளிவிடலாம். கால்வாயைக் கடந்த அசல் விமானம் பாரிஸின் கலை மற்றும் தொழில் அருங்காட்சியகத்தில் இன்றும் தொங்குகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அசலே இருக்கும்போது, அவசரத்தில் அச்சிட்டவரின் சொல்லை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

இங்கே எதிர்க்கட்சியிலிருந்து வலுவான வாதம் ஒன்று வரும். அந்தக் கால அட்டைகளில் பாதி ஒட்டுப்படங்கள்; வானத்தில் இருப்பதாகக் காட்டும் விமானத்தை வேறொரு படத்திலிருந்து கத்தரித்து ஒட்டியிருப்பார்கள்; பொய்ப் படத்தை எப்படி ஆவணமாகக் கொள்வது என்பது அந்த வாதம். முதல் பகுதி முழு உண்மை. பறக்கும் விமானத்தை எடுத்தால் சிறிய கறுப்புப் புள்ளியாகத்தான் விழும். புள்ளியை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். எனவே ஒட்டினார்கள். ஜெர்மனியில் இது உச்சத்துக்குப் போனது. 1908 ஆகஸ்ட் 5 அன்று எக்டர்டிங்கன் என்ற இடத்தில் செப்பலின் பிரபுவின் நான்காம் வான்கப்பல் எரிந்து அழிந்தபோது, நாடே பணம் திரட்டி அறுபது லட்சம் மார்க்குக்கு மேல் அவரிடம் கொடுத்தது. அதன்பின் ஊருக்கு ஊர் தேவாலயக் கோபுரத்தின் மேலே செப்பலின் மிதக்கும் அட்டைகள் வந்தன. ஒரே வான்கப்பல், ஒரே கோணம், ஒரே வெளிச்சம். மாறியது கீழே உள்ள ஊர்தான்.

ஆனால் முடிவு தவறு. ஒட்டுப்படத்துக்கும் காலம் உண்டு, மூலம் உண்டு. ஒட்டிய வான்கப்பல் எது என்று வால் துடுப்புகளையும் கீழே தொங்கும் அறையையும் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். 1928 செப்டம்பரில் முதன்முதல் பறந்த ‘கிராஃப் செப்பலின்’ ஒட்டியிருந்தால் அந்த அட்டை அதற்கு முன்பு இருந்திருக்க முடியாது. நிழல் ஒரு பக்கமும் கோபுரத்தின் வெளிச்சம் மறுபக்கமும் விழுந்தால் ஒட்டு தெரிந்துவிடும். ஒட்டு என்று தெரிந்தபின் அட்டையின் மதிப்பு கூடத்தான் செய்கிறது. வான்கப்பல் தங்கள் ஊருக்கு வராத மக்களும் அது வந்ததுபோல ஒரு படத்தை வாங்கி உறவினர்களுக்கு அனுப்பினார்கள் என்பது அந்தக் காலத்து மனத்தைப் பற்றிய சான்று. அதற்கு இவ்வளவு நேரடியான ஆவணம் வேறு இடத்தில் கிடைப்பது கடினம்.

கிராஃப் செப்பலினைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தை அரைகுறையாகப் படிப்பதால் வரும் தவறுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல், ஜெர்மன் விமானங்களின் வாலில் இடப்பக்கம் சுவஸ்திகாவும் வலப்பக்கம் கறுப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டைகளும் தீட்ட ஆணை வந்தது. 1935 செப்டம்பருக்குப் பிறகு இரண்டு பக்கமும் சுவஸ்திகா. 1933 அக்டோபரில் கிராஃப் செப்பலின் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போனபோது, நாஜிகளை வெறுத்த அதன் தலைவர் ஹ்யூகோ எக்னர், நகரத்தை வலமாகவே சுற்றினார். கீழே இருந்தவர்களுக்குப் பட்டைகள் தெரிந்தன, சுவஸ்திகா தெரியவில்லை. வலப்பக்கத்தைக் காட்டும் இந்தக் காலத்து அட்டையைப் பார்த்து, ‘சுவஸ்திகா இல்லை, ஆகவே ஹிட்லருக்கு முந்தியது’ என்று எழுதிவைப்பது எளிது. உண்மையில் 1933க்கு முன் அந்த வான்கப்பலின் வால் வெறுமையாக இருந்தது. பட்டைகளே ஹிட்லர் காலத்தின் அடையாளம். பட்டைகள் இருக்கும் அட்டை இரண்டே ஆண்டு இடைவெளிக்குள் நிற்கிறது. எந்த முத்திரை இவ்வளவு கூர்மையாகப் படத்தின் காலத்தைச் சொல்லும்?

ஒரு விமானத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை மறந்தால் நல்ல அட்டையையும் போலி என்று தள்ளிவிட நேரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறத்தில் கான்கார்ட் பறக்கும் அட்டைகள் உண்டு. கான்கார்டைச் சேவையில் ஓட்டியவை பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் ஃபிரான்ஸும்தான், ஆகவே இது கற்பனைப் படம் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியே சிங்கப்பூருக்கு 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டாக ஒரு சேவை தொடங்கின. மலேசியாவின் எதிர்ப்பால் உடனே நின்று, 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கி, 1980 நவம்பரில் முடிந்தது. அதற்கென்று ஜி-பிஓஏடி என்ற ஒரே ஒரு விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறத்தைத் தீட்டினார்கள். வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறம் அப்படியே இருந்தது. அட்டை உண்மையானது. அதில் தெரிவது எந்தப் பக்கம் என்று பார்த்திருந்தால் போதும்.

பதிவெழுத்துகளுக்கென்று ஒரு நாட்காட்டியே இருக்கிறது. இந்திய விமானங்கள் 1929 வரை பிரிட்டனின் எழுத்தோடு ஒட்டிய ‘ஜி-ஐ’ வரிசையில் இருந்தன. அதன்பின் ‘விடி’ வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த புஸ் மாத் விமானம் விடி-ஏடிஎன். அந்த அஞ்சலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இலங்கை விமானங்களில் ‘விபி-சி’ முதலில், விடுதலைக்குப் பின் ‘சிஒய்’, அதன்பின் ‘4ஆர்’. 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்த ஏர் சிலோனின் முதல் சேவையின் காலத்தை, பிந்தைய ஆண்டுகளின் படங்களிலிருந்து பிரித்துக்காட்ட இந்த எழுத்துகள்தான் உதவும். அமெரிக்கப் பயணிகள் விமானத்தில் ‘என்சி’ என்று இருந்தால் 1948க்குப் பிந்தைய புதுத் தீட்டல் அல்ல. அந்த ஆண்டு முடிவோடு ‘சி’யை எடுத்துவிட்டார்கள். அமெரிக்கப் போர் விமானத்தின் வெள்ளை நட்சத்திரத்துக்கு நடுவே சிவப்புப் பொட்டு இருந்தால் 1942 மேக்கு முந்திய தீட்டல். ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாதிருக்க அதை அழித்தார்கள். 1943 நடுவில் நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் வந்தன. 1947இல் அந்தப் பட்டைகளுக்குள் சிவப்புக் கோடு. இந்த வரிசையை மனத்தில் வைத்திருப்பவர் முத்திரையே இல்லாத அட்டையின் காலத்தை ஓரிரு ஆண்டு இடைவெளிக்குள் சொல்லிவிடுவார்.

ஏர் இந்தியா அட்டைகளை எடுத்துக்கொண்டால், விமான நிறுவனம் இலவசமாகக் கொடுத்த, எழுதப்படாத அட்டைகளைக் குப்பை என்று தள்ளும் வழக்கம் எவ்வளவு இழப்பைத் தருகிறது என்று புரியும். பெயரே ஒரு தேதி: ‘ஏர் இந்தியா இன்டர்நேஷனல்’ என்று இருந்தால் 1948க்கும் 1962க்கும் இடையில். மூக்கின் அருகே எழுதிய பெயர் அதைவிட முக்கியம். ‘மலபார் பிரின்சஸ்’, விடி-சிகியூபி. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்கு நிறுவனத்தின் முதல் சர்வதேசச் சேவையைத் தொடங்கிவைத்த கான்ஸ்டலேஷன் விமானம் அது. 1950 நவம்பர் 3 அன்று மோன் பிளாங் மலையில் மோதி, அதில் இருந்த 48 பேரும் இறந்தார்கள். ‘எம்பரர் அசோகா’, விடி-இபிடி. 1971இல் வந்த முதல் ஜம்போ. ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் அரண்மனை வளைவு தீட்டிய விமானம். 1978 புத்தாண்டு நாளில் பம்பாயிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். ‘போயிங் 747’ என்று மட்டும் குறிப்பிடும் அட்டையில் அந்த ஐந்து எழுத்துகள் தெரிந்தால், அது ஏதோ ஒரு ஜம்போவின் விளம்பரப் படமாக இருக்காது. இறந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கும் விமானம் அது.

படத்தை இணையத்தில் ஏற்றினால் ஒரு நொடியில் விடை வந்துவிடுமே என்று புதிய தலைமுறை கேட்கிறது. வருவது, அதே படத்தை வேறு யாரோ எந்தப் பெயரில் ஏற்றினார்களோ அந்தப் பெயர். அவர்களும் படக்குறிப்பைத்தான் பார்த்து எழுதியிருப்பார்கள். நூறு இடத்தில் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு தவறு சரியாகிவிடாது.

தாளையும் அச்சையும் பார்த்துக் காலம் சொல்லும் பாடமும் விமான அட்டைக்கு வரும்போது திருத்தம் கேட்கிறது. சேகரிப்பு நூல்கள் முதலில் சொல்லித்தருவது, பின்பக்கம் முகவரிக்கும் செய்திக்குமாக இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் விதி. பிரிட்டன் 1902இலும், ஜெர்மனி 1905இலும், அமெரிக்கா 1907இலும் அந்தப் பிரிவை அனுமதித்தன. கோயில் படமோ கடைத்தெருப் படமோ என்றால் இது பெரிய உதவி. விமான அட்டைகள் பெருவாரியாக வரத் தொடங்கியதே 1908இல்தான். அப்போது பிரிவு எங்கும் பரவிவிட்டது. ஆகவே இந்த விதி விமான அட்டையில் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. ஆனாலும் விற்பனைக் குறிப்புகளில் ‘பிரிந்த பின்பக்கம்’ என்பதைப் பெரிய கண்டுபிடிப்புபோல எழுதுகிறார்கள்.

உதவுபவை வேறு. சிகாகோவின் கர்ட் டைக் அச்சகம் தன் அட்டைகளில் இட்ட எண்ணில் ‘ஏ’ இருந்தால் 1930கள், ‘பி’ இருந்தால் 1940கள். எழுத்துக்கு முன்னால் உள்ள எண் ஆண்டைச் சொல்லும். அந்த அச்சகத்தின் ஆவணங்கள் சிகாகோ நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. இந்தியப் பதிப்பாளரின் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின் அச்சானது. அசல் ஒளிப்பட அட்டை என்று விற்பதை லென்ஸில் பார்த்துப் புள்ளிகள் தெரிந்தால், அது அச்சு. ஒளிப்படத் தாளில் புள்ளி இருக்காது. 1950களுக்குப் பிறகு தாள்களில் சேர்த்த வெண்மைப் பொருள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். 1910ஆம் ஆண்டு அட்டை அப்படி ஒளிர்ந்தால் அது மறுபதிப்பு. வண்ணத்தை மட்டும் நம்பக்கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் நிறம் ஏற்றிய காலம் அது. விமானத்தின் உருவம் உண்மையாகவும் நிறம் கற்பனையாகவும் இருப்பது சகஜம்.

பின்பக்கத்தில் சான்று இருக்கவே செய்கிறது. இதையெல்லாம் சொன்னதற்காக அதை மறைக்கத் தேவையில்லை. அனுப்பியவர் எழுதிய இரண்டு வரி, ‘இன்று இதைப் பார்த்தோம்’ என்ற குறிப்பு, திடலின் பெயர் எல்லாம் அரிய செய்திகளே. எழுத்தும் எஞ்சினும் வாலும் சொல்வதோடு முத்திரை ஒத்துப்போனால் அடையாளம் உறுதியாகிறது. ஒத்துப்போகாவிட்டால் படம் சொல்வதையே ஏற்க வேண்டும். பழைய கொள்கை தலைகீழாக வைத்திருப்பது இந்த வரிசையைத்தான்.

தலைகீழ் வரிசையின் சேதம் கண்ணுக்குத் தெரிகிறது. தலையைக் கழற்ற அட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்தார்கள். ஊறியதில் படத்தின் மேல்பூச்சு உரிந்தது. முத்திரையோடு மூலையை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய மூலையின் மறுபுறத்தில் இறக்கையும் பதிவெழுத்தும் போயின. எழுதாத அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் காகிதக்காரரிடம் போட்டார்கள்.

கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உறவினர்கள் வாழ்ந்த தமிழ் வீடுகளில் இந்த அட்டைகள் இன்னும் இருக்கும். முதல் விமானப் பயணத்தில் பணிப்பெண் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அவற்றை எடுப்பவர்கள் தலையைக் கழற்ற வேண்டாம், மூலையை வெட்ட வேண்டாம், பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டவும் வேண்டாம். உடலிலும் இறக்கையிலும் உள்ள எழுத்து, மூக்கிலுள்ள பெயர், எஞ்சின் எத்தனை, வால் எப்படி, தெரிவது இடப்பக்கமா வலப்பக்கமா என்பவற்றைத் தனித்தாளில் எழுதி அட்டையோடு சேர்த்து வையுங்கள். இரண்டு பக்கமும் படியெடுங்கள். விற்பதானாலும், அந்தத் தாளை எழுதி முடித்த பிறகு விற்பது நல்லது. ஜி-ஏஏஜிஎக்ஸ் என்ற எழுத்துகள் தெரியும் அட்டை கிடைத்தால் மட்டும் அதை விற்காமல், தமிழ் அச்சு ஆவணங்களைக் காக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் கேட்டுப் பாருங்கள்.